ஊர் கேபிள் டிவியை பெங்களூரில் பார்க்கிறேன், ரிமோட்டோடு சேர்த்து

பெரிய சேனல்கள் எல்லாம் கைபேசி செயலியிலேயே வருகின்றன. அப்புறம் எதற்கு வீட்டு டிவியை வெளியூருக்கு இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். எந்தச் செயலியிலும் வராதது ஒன்று இருக்கிறது: ஊர் கேபிள்காரர் நடத்தும் உள்ளூர் சேனல். திருநெல்வேலியில் எங்கள் பகுதிக்கு அப்படி ஒன்று உண்டு. மின்தடை அறிவிப்பு, பள்ளி ஆண்டு விழா, நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம், கீழே ஓடும் பட்டையில் இரங்கல் செய்தி. வேலைக்காக பெங்களூரில் இருக்கும் எனக்கு வேண்டியது அதுதான். சில ஊர்களில் இதையெல்லாம் யூடியூபிலும் விடுகிறார்கள். எங்கள் ஊரில் விழாவின் சில துண்டுகள் மட்டும்தான் அங்கே வரும், முழு ஓட்டம் வராது.

இதற்கென்றே ஒரு கருவி கடையில் கிடைத்த காலம் உண்டு. அமெரிக்காவில் பிளேக் கிரிகோரியன், ஜேசன் கிரிகோரியன் என்ற சகோதரர்கள் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டங்களை வெளியூரில் இருக்கும்போது பார்க்க முடியவில்லை என்று யோசித்து உருவாக்கியது ஸ்லிங்பாக்ஸ். 2005-ல் விற்பனைக்கு வந்தது. வீட்டு செட்டாப் பெட்டியின் படத்தை வாங்கிச் சுருக்கி இணையத்தில் அனுப்பும். 2007-ல் எக்கோஸ்டார் அந்த நிறுவனத்தை 38 கோடி டாலருக்கு வாங்கியது. 2020 நவம்பரில் விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தார்கள். சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 2022 நவம்பர் 9 அன்று, சர்வர்களையும் அணைத்தார்கள். பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்த பெட்டிகள் அன்றோடு வேலை செய்யாமல் போயின, ஏனென்றால் கைபேசிக்கு வீட்டுப் பெட்டியைக் கண்டுபிடித்துக் கொடுத்ததே அந்த சர்வர்கள்தான்.

ஆனால் அவர்கள் ஒன்றைச் சரியாகப் பிடித்திருந்தார்கள். படத்தை அனுப்புவதோடு நிற்கவில்லை. அகச்சிவப்பு விளக்கு பொருத்திய ஒரு வயரையும் சேர்த்துக் கொடுத்து, செட்டாப் பெட்டியின் ரிமோட்டையும் தூரத்துக்குக் கொண்டுவந்தார்கள். இந்த வேலையை முடித்த பிறகு நானும் அதையே சொல்வேன். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் கண் பழகிவிடும். சேனல் மாற்றும் பொத்தான் அழுத்தியவுடன் கேட்காவிட்டால் யாரும் இரண்டாம் முறை திறந்து பார்க்க மாட்டார்கள். அதனால் இந்தப் பதிவில் ரிமோட்டுக்குத்தான் அதிக இடம்.

முதலில் செட்டாப் பெட்டி. அம்மா பார்க்கும் பெட்டியிலேயே இதை மாட்டினால், நான் இங்கே சேனல் மாற்றும்போது அங்கே அவர் சீரியல் பாதியில் போய்விடும். ஒரு பெட்டி ஒரு நேரத்தில் ஒரு சேனல்தான் தரும். அதனால் கேபிள்காரரைக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, இன்னொரு பெட்டி வேணும். பழைய மாடலா இருந்தாலும் பரவால்ல. பின்னாடி ஏவி இருக்கணும்."

"எந்த ரூமுக்கு தம்பி? டிவி புதுசா வாங்கிருக்கியளா?"

"இல்ல அண்ணாச்சி, மாடி ரூம்ல வச்சு நான் இங்க இருந்தே பார்க்கப் போறேன்."

இரண்டாவது பெட்டிக்குத் தனியாக மாதக் கட்டணம் உண்டு. உள்ளூர் சேனலும் இலவச சேனல்களும் போதும் என்பதால் கட்டணச் சேனல் எதுவும் சேர்க்கவில்லை.

ஏவி என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. எச்டிஎம்ஐ வழியாக வரும் படத்தில் எச்டிசிபி என்ற பூட்டு இருக்கும். சாதாரணப் பதிவுக் கருவியில் கொடுத்தால் கறுப்புத் திரைதான் வரும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வயர் போகும் பழைய ஏவி வழியில் அந்தத் தொல்லை இல்லை. தரம் 576 வரி, அவ்வளவுதான். உள்ளூர் சேனல் அதைவிடத் தெளிவாக ஒளிபரப்பாவதும் இல்லை, ஆகவே இழப்பு ஒன்றுமில்லை.

வந்த பெட்டியில் மூன்று துளைகளுக்குப் பதில் ஹெட்ஃபோன் துளை போல ஒற்றை 3.5 மிமீ துளை இருந்தது. இதற்கான வயரை வாங்கும்போது கவனம் வேண்டும். முனையில் நான்கு வளையங்கள் இருக்கும். எதில் படம், எதில் தரை (கிரவுண்ட்) என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். மஞ்சளில் படம் வராமல் இரைச்சல் மட்டும் வந்தால், சிவப்பையும் வெள்ளையையும் மாற்றி மாற்றிப் படத்துக்கான துளையில் செருகிப் பாருங்கள். தரை ஒத்துப்போயிருந்தால் ஏதாவது ஒன்றில் படம் வந்துவிடும். எதிலும் வரவில்லை என்றால் தரையே வேறு வளையத்தில் இருக்கிறது, வேறு வயர்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது ஏவியை யுஎஸ்பி ஆக்கும் பதிவுக் குச்சி. ஈசிகேப் என்ற பெயரில் பல கடைகளில் கிடைக்கும். வெளியே ஒரே உருவம், உள்ளே வெவ்வேறு சிப். நான் பயன்படுத்தும் லினக்ஸ் இயங்குதளத்தில் எஸ்டிகே1160 சிப்புக்கும், யூடிவி007 சிப்புக்கும் கெர்னலிலேயே, அதாவது அதன் மையப் பகுதியிலேயே, டிரைவர் இருக்கிறது. சோமாஜிக் சிப் வந்தால் அப்படி இல்லை. வாங்கும் முன் சிப் பெயரைக் கேளுங்கள், சொல்லத் தெரியாத கடையில் திருப்பிக் கொடுக்க முடியுமா என்றாவது கேளுங்கள். எனக்கு எஸ்டிகே1160 கிடைத்தது. மாட்டியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, அமைப்பை என்டிஎஸ்சி என்ற அமெரிக்க முறையிலிருந்து பிஏஎல் (PAL) முறைக்கு, அதாவது நம் நாட்டு ஒளிபரப்பு முறைக்கு, மாற்றுவது. இல்லையென்றால் படம் உருண்டுகொண்டே இருக்கும், அல்லது நிறம் போய்விடும்.

கணினிக்கு ராஸ்பெரி பை 4 என்ற உள்ளங்கை அளவுச் சிறு கணினியை எடுத்தேன் (இனி சுருக்கமாக 'பை'). புதிதாக வந்த 5 இருக்க 4 ஏன் என்றால், எச்.264 வடிவில் படத்தைச் சுருக்கும் வன்பொருள் 4-ல் இருக்கிறது, 5-ல் அதை எடுத்துவிட்டார்கள். பை 5-ன் செயலி வேகமானது, மென்பொருளாலேயே இந்த அளவு படத்தைச் சுருக்கிவிடும். ஆனால் இந்த வேலைக்கு 4 குளிர்ச்சியாக ஓடுகிறது, விலையும் குறைவு. சித்திரை வெயிலில் மாடி அறை எப்படி இருக்கும் என்று நெல்லைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பை 4 எண்பது டிகிரியைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், படம் தடுக்கும். முழு உடலும் அலுமினியமாக உள்ள உறையில் வைத்திருக்கிறேன், விசிறி இல்லை.

இனி ரிமோட். எஸ்.பி. ரோட்டில் வாங்கியவை: ஒரு 940 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடி, ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், 47 ஓம், 1 கிலோ ஓம் மின்தடைகள், ரிமோட்டின் துடிப்பை வாங்கும் டிஎஸ்ஓபி38238 ஏற்பி ஒன்று. கடையில் டிஎஸ்ஓபி1738-ஐத்தான் முதலில் நீட்டுவார்கள். அது 5 வோல்ட்டில் ஓடுவது. பையின் முள்கள், அதாவது வயர் மாட்டும் ஊசிகள், 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 38238 என்றால் 3.3 வோல்ட்டிலேயே ஓடும், நேராக இணைக்கலாம்.

எல்இடியை நேராக பையின் முள்ளில் மாட்டக் கூடாது, ஒரு முள்ளால் 16 மில்லி ஆம்பியர் அளவுதான் தர முடியும். அதனால் முள்ளிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக டிரான்சிஸ்டரின் பேஸுக்கு, 5 வோல்ட்டிலிருந்து 47 ஓம் வழியாக எல்இடிக்கு, எல்இடியிலிருந்து கலெக்டருக்கு, எமிட்டர் தரைக்கு (பேஸ், கலெக்டர், எமிட்டர் மூன்றும் டிரான்சிஸ்டரின் கால்கள்). எல்இடியில் 1.3 வோல்ட், டிரான்சிஸ்டரில் 0.2 வோல்ட் போக மிச்சம் 3.5, அதை 47-ஆல் வகுத்தால் 74 மில்லி ஆம்பியர். பிசி547-ன் எல்லையான நூறுக்குள் இருக்கிறது. எரிகிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. கைபேசியின் முன் கேமராவைக் காட்டுங்கள், பல கைபேசிகளில் இளம் ஊதா நிறத்தில் மின்னுவது தெரியும்.

பையின் அமைப்புக் கோப்பில் ஏற்பிக்கு ஒரு வரி, அனுப்பிக்கு ஒரு வரி சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் இயல்பான முள் 18 என்றே இருக்கும். ஏற்பியை 17-க்கு மாற்றிவிட்டேன். அனுப்புவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று மென்பொருளே முள்ளை வினாடிக்கு 38,000 முறை ஏற்றி இறக்குவது. மற்றது துடிப்புகளைத் தானே உண்டாக்கும் பிடபிள்யூஎம் வன்பொருளை வைத்துச் செய்வது. இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் படச் சுருக்கமும் ஓடிக்கொண்டிருக்கும்போது மென்பொருள் வழியில் துடிப்புகளின் நேரம் தவறலாம், பெட்டி சில அழுத்தங்களைக் கண்டுகொள்ளாமல் போகலாம். பிடபிள்யூஎம் எடுத்தால் பையின் ஹெட்ஃபோன் துளையின் ஒலியோடு மோதல் வரலாம். இங்கே ஒலி யுஎஸ்பி குச்சி வழியாகத்தான் வருகிறது, அதனால் நமக்கு நஷ்டமில்லை.

ரிமோட்டின் ஒவ்வொரு பொத்தானையும் ஏற்பி முன் அழுத்திப் பதிவு செய்துகொள்ள ஐஆர்-சிடிஎல் என்ற சிறு கருவி போதும். எங்கள் பெட்டி என்ஈசி முறை: 9 மில்லிவினாடி துடிப்பு, 4.5 மில்லிவினாடி இடைவெளி, அப்புறம் 32 பிட். பதிவானதை அப்படியே திருப்பி அனுப்பினால் வேலை முடிந்தது. உங்கள் பெட்டி ஆர்சி5 முறை என்றால் அப்படிச் செய்ய முடியாது. அதில் ஒரு பிட் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் மாறி மாறி வரும். பதிவை அப்படியே திருப்பி அனுப்பினால் அந்தப் பிட் மாறாது. 11-ஆம் சேனலுக்கு ஒன்றை இருமுறை அனுப்பினாலும், ஒரே பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிறார்கள் என்று பெட்டி எடுத்துக்கொள்ளும். அங்கே ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு பதிவு வைத்து மாற்றி மாற்றி அனுப்ப வேண்டும். ஆர்சி5-க்கு அலைவரிசையும் 36 கிலோஹெர்ட்ஸ்.

இன்னொன்று: அம்மாவின் பெட்டியும் இதுவும் ஒரே மாடல், ஒரே குறியீடு. அதனால்தான் இதை மாடி அறையில் வைத்தது. எல்இடியைப் பெட்டியின் ஏற்பிக் கண்ணாடி மேல் ஒட்டி, மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று போட்டாயிற்று. உள்ளிருந்து கசியாது, வெளியிலிருந்தும் நுழையாது.

படத்தைச் சுருக்குவது எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள். ஏவி படம் ஒற்றை வரிகள் ஒரு முறை, இரட்டை வரிகள் ஒரு முறை என்று பின்னிப் பின்னி வரும். அப்படியே சிறிதாக்கினால் கீழே ஓடும் எழுத்துப் பட்டை சீப்புப் பற்கள் போல் கிழிந்து தெரியும். முதலில் யாடிஃப் வடிகட்டியால் வரிகளைச் சேர்த்துவிட்டு, பிறகே அளவைக் குறைக்க வேண்டும். அளவு 848க்கு 480 வைத்தேன். 854 என்பதுதான் கணக்குப்படி சரி, ஆனால் 16-ஆல் வகுபடும் அளவுகளில்தான் பையின் வன்பொருள் முரண்டு பிடிக்காமல் ஓடுகிறது.

பிட்ரேட்டை, அதாவது வினாடிக்கு எவ்வளவு தரவு அனுப்புவது என்பதை, முடிவு செய்ய ஓடும் பட்டையையே அளவுகோலாக வைத்தேன். வினாடிக்கு 400 கிலோபிட்டில் முகங்கள் நன்றாகவே தெரிந்தன, ஆனால் ஓடும் எழுத்துகளில் புள்ளிகள் கரைந்துபோயின. இரங்கல் செய்தியில் பெயரைச் சரியாகப் படிக்க முடியவில்லை என்றால் இத்தனையும் எதற்கு? 900-ல் புள்ளிகள் நின்றன. ஒலிக்கு 64 சேர்த்து 964 கிலோபிட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 430 எம்பி. நாளுக்கு 1.5 ஜிபி தரும் திட்டத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பார்க்கலாம். 400 கிலோபிட் ஓட்டம் ஒன்றையும் தனியாக வைத்திருக்கிறேன், ரயிலில் வரும்போது பாட்டு கேட்க அது போதும்.

சுருக்கிய ஓட்டத்தை விநியோகிப்பது மீடியாஎம்டிஎக்ஸ் என்ற திறமூல மென்பொருள். ஒரே ஓட்டத்தை ஆர்டிஎஸ்பி, எச்எல்எஸ், வெப்ஆர்டிசி என்று மூன்று வழியிலும் தரும். ரிமோட் விஷயம் இங்கேயும் வருகிறது. எச்எல்எஸ் துண்டு துண்டாக வெட்டி அனுப்புவது. சேர்த்து வைத்துக் காட்டுவதால் சில நொடிகள் பின்தங்கும். சேனல் பொத்தானை அழுத்துகிறோம், திரையில் ஒன்றும் மாறவில்லை, திரும்ப அழுத்துகிறோம், பெட்டி இரண்டையும் சேர்த்து வேறு எங்கோ போய்விடுகிறது. வெப்ஆர்டிசி-யில் தாமதம் ஒரு நொடிக்குள் அடங்குகிறது. உலாவியிலேயே ஓடும், தனிச் செயலி வேண்டாம். ஒலி மட்டும் ஓபஸ் வடிவில் இருக்க வேண்டும். மடிக்கணினியில் விஎல்சி பிளேயர் வைத்திருப்பவர்கள் ஆர்டிஎஸ்பி முகவரியைக் கொடுக்கலாம், அதன் இயல்பான சேமிப்பு நேரமான 1000 மில்லிவினாடியை 300-க்குக் குறைத்தால் அங்கும் ரிமோட் சொன்ன பேச்சைக் கேட்கும்.

ரிமோட் பக்கம் பைத்தானில் எழுதிய மிகச் சிறிய வலைப்பக்கம். மேலே படம், கீழே பொத்தான்கள். எண் பலகை வைக்கவில்லை. சேனல் எண்கள் எனக்கே நினைவில் இல்லை, கேபிள்காரர் வேறு அவ்வப்போது மாற்றுவார். "உள்ளூர்", "செய்தி", "பழைய பாட்டு" என்று பெரிய பொத்தான்கள். ஒவ்வொன்றும் பின்னால் எண்களைச் சிறு இடைவெளி விட்டு அனுப்பி, கடைசியில் ஓகே-யையும் அனுப்பும். ஓகே அனுப்பாவிட்டால் அடுத்த எண் வருமா என்று பெட்டி கொஞ்ச நேரம் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பை வெட்டியது பெரிய முன்னேற்றம்.

இதை வீட்டுக்கு வெளியே கொண்டுவருவது தனி வேலை. ரவுட்டரில் போர்ட், அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல் ஒன்றைத் திறந்துவிட்டால் போதும் என்று பழைய வழிகாட்டிகள் சொல்லும். முதலில் ரவுட்டரின் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறது என்று பொருள். அங்கே போர்ட் திறப்பது பயன்படாது. எங்கள் வீட்டு இணைப்பு அப்படித்தான். தனி முகவரிக்குக் கூடுதல் பணம் கேட்டார்கள், கொடுக்கவில்லை. டெயில்ஸ்கேலை நிறுவினேன். அது வயர்கார்டு மறைகுறி முறையில் என் கருவிகளுக்குள் மட்டும் ஒரு தனி வலையமைப்பை உண்டாக்குகிறது. இணைப்பு நேராகப் போகிறதா, அவர்களுடைய இடைநிலை சர்வர் வழியாகப் போகிறதா என்பதை நிலைக் கட்டளையில் பார்க்கலாம். நேரானது என்றால் படம் தடையில்லாமல் வரும். இரு பக்கமும் ஐபிவி6 என்ற புதிய இணைய முகவரி முறை இருந்தால் நேர் இணைப்பு கிடைக்கும் வாய்ப்பு அதிகம், அதனால் வீட்டு ரவுட்டரில் ஐபிவி6-ஐ இயக்கி வைத்தேன்.

டெயில்ஸ்கேல் வைப்பவர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று: ஒவ்வொரு கருவியின் சாவியும் இயல்பாக 180 நாளில் காலாவதியாகும். ஊரில் இருக்கும் பையின் சாவி காலாவதியானால், யாராவது அங்கே போய் உட்கார்ந்து புதுப்பிக்க வேண்டும். நிர்வாகப் பக்கத்தில் பைக்கு மட்டும் காலாவதியை அணைத்துவிடுங்கள். ஸ்லிங்பாக்ஸுக்கு நடந்தது இதற்கும் நடக்காதா என்றால், நடக்கலாம். ஆனால் போவது வழிகாட்டும் பகுதி மட்டும்தான். வயர்கார்டும், மற்ற எல்லாமும் நம் பெட்டியில் இருக்கின்றன. அந்த வழிகாட்டும் பகுதிக்கு ஹெட்ஸ்கேல் என்ற திறமூல மாற்று ஒன்றும் இருக்கிறது, அதற்கு வாடகை சர்வர் ஒன்று தேவை.

தனி வலையமைப்பில் வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இது நான் கட்டணம் கட்டும் இணைப்பை என் வீட்டார் மட்டும் பார்ப்பதற்காக. பொது முகவரியில் திறந்துவிட்டால் அது மறு ஒளிபரப்பு, சட்டப்படி தவறு, பணம் போட்டுச் சேனல் நடத்தும் கேபிள்காரருக்கும் துரோகம்.

மின்தடைக்குப் பிறகு என்ன ஆகும் என்பதுதான் ஊரில் விட்டுவரும் எந்தக் கருவிக்கும் சோதனை. பை தானாக எழுந்துகொள்ளும். எங்கள் செட்டாப் பெட்டி எழும், ஆனால் உறங்கு நிலையில் நிற்கும். பவர் பொத்தானை அனுப்பலாம். ஆனால் அணைப்பதும் எழுப்புவதும் ஒரே பொத்தான், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அணைந்துவிடும். அதனால் யாராவது பார்க்கத் திறக்கும்போது, முதலில் ஒரு ஃபிரேமை எடுத்து அதன் சராசரி வெளிச்சத்தை ஒரு சிறு நிரல் பார்க்கிறது. முழுக் கறுப்பு என்றால் சற்று விட்டு இன்னொன்று எடுக்கும், அதுவும் கறுப்பு என்றால் பவர் பொத்தானை அனுப்பிவிட்டுப் பெட்டி எழும்வரை காத்திருக்கும். இரண்டு முறை பார்ப்பது, விளம்பரங்களுக்கு நடுவே வரும் கறுப்பைப் பார்த்து ஏமாறாமல் இருக்க. யாரும் பார்க்காத நேரத்தில் சுருக்கும் வேலையையே மீடியாஎம்டிஎக்ஸ் நிறுத்திவிடும்படி அமைத்திருக்கிறேன், பை குளிர்ந்தே கிடக்கும். பெட்டியும் பையும் சேர்ந்து 15 வாட் என்று தாராளமாக வைத்தாலும் மாதம் 11 யூனிட்டுக்குள்தான்.

தெருவில் மின்சாரம் போனால் கேபிள் ஆம்ப்ளிஃபயரும் போய்விடும், வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் பயனில்லை. அதற்கு என்னிடம் வழி இல்லை.

ஷார்ஜாவில் இருக்கும் தம்பியும் இப்போது இதைப் பார்க்கிறான். ஒரே நேரத்தில் இருவரும் பார்க்கலாம், ஆனால் சேனல் ஒன்றுதான். அதனால் இன்னொருவர் பார்த்துக்கொண்டிருந்தால் பக்கத்தின் மேலே "தம்பி பார்க்கிறான்" என்று காட்டி, பொத்தானை அழுத்தினால் ஒரு முறை கேட்டுவிட்டு மாற்றும்படி செய்திருக்கிறேன்.

புதிதாக வரும் செட்டாப் பெட்டிகள் சிலவற்றில் ஏவி துளையே இல்லை, எச்டிஎம்ஐ மட்டும்தான். பழைய பெட்டியை எடுத்துக்கொண்டு புதிது தருகிறோம் என்று யாராவது வந்தால், மாடியில் இருப்பதைத் தொட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி, பெட்டியின் மேலும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.